புது பிட் ஏன் பெர்ஸ்பெக்ஸை விரிய வைக்கிறது?

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். ஐந்தாம் படிவம் படிக்கிறான். ஒரு கையில் பெர்ஸ்பெக்ஸ் தகடு, அதாவது கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக். இன்னொரு கையில் அவன் அப்பாவுடைய டிரில், அதில் ஓட்டை குடையும் முனையான பிட். தகட்டின் மூலையில் ஓர் ஓட்டை. ஓட்டையிலிருந்து ஓரம் வரை ஒரு கோடு. ஓட்டையின் அடிப்பக்கத்தில் பிறை நிலா அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து போயிருந்தது.

"அங்கிள், புது பிட்தான் வாங்கினேன். அப்பவும் விரிஞ்சிருச்சு."

"புதுசா இருந்ததாலதான்டா விரிஞ்சிருச்சு."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கிண்டல் இல்லை. கடையில் வாங்கும் கூரான பிட் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் தீட்டியது. அந்தக் கூர்தான் பெர்ஸ்பெக்ஸுக்கு எமன். அவன் செய்ய நினைத்தது மீன் தொட்டிக்கு ஒரு மூடி: காற்றுக் குழாய்க்கு இரண்டு சின்ன ஓட்டை, ஃபில்டர் குழாய்க்கு ஒரு பெரிய ஓட்டை. அன்று சாயங்காலம் வரை அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பினாங்கில், ஜெலுத்தோங் பிளாட்டில், துணி காயும் பால்கனியில், ஒரு பேட்டரி டிரில்லை வைத்துச் செய்த வேலை. பெரிய பட்டறை எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். அக்ரிலிக், பெர்ஸ்பெக்ஸ், பிளெக்சிகிளாஸ் எல்லாம் ஒன்றே. ரசாயனப் பெயர் பாலி மெத்தில் மெத்தக்ரிலேட். 1930களில் ஜெர்மனியில் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் பிளெக்சிகிளாஸ் என்றும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர் வைத்து விற்றன. ஆங்கிலேயர் ஆண்ட ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே பினாங்கில் எந்தக் கடையில் கேட்டாலும் பெர்ஸ்பெக்ஸ்தான். கண்ணாடியைவிடத் தெளிவு, எடையில் கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. அவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரே ஒரு குணக்கேடு: நீளத் தெரியாது. அலுமினியத்தை இழுத்தால் வளைந்து கொடுக்கும், பலகையைக் குடைந்தால் நார் நாராக விட்டுக்கொடுக்கும். பெர்ஸ்பெக்ஸை இழுத்தால் நூற்றுக்கு நாலைந்து பங்கு நீளும், அப்புறம் பட்டென்று போய்விடும். அந்த இழுவை ஒரு சின்னக் கீறலின் நுனியில் குவிந்தால் அந்த நாலைந்து பங்குகூடத் தேவையில்லை.

அதைப் போலவே இருக்கும் பாலிகார்பனேட் வேறு சாதி. சுத்தியலால் அடித்தாலும் சாதாரணத்தில் உடையாது, ஓட்டை போட இவ்வளவு பாடும் இல்லை. ஆனால் துணியால் துடைத்தாலே கோடு விழும், விலையும் கூடுதல். மீன் தொட்டிக்கு அது வேண்டாம்.

அந்தக் கடைசி மில்லிமீட்டர்

பையனிடம் ஒரு கேள்வி கேட்டேன். எப்போது விரிந்தது, ஆரம்பத்திலா, நடுவிலா, முடிவிலா? யோசித்துச் சொன்னான்: "முடியப் போற நேரத்துல, டப்புன்னு."

எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். பிட் உள்ளே இறங்கும்போது பெர்ஸ்பெக்ஸ் வாயைத் திறப்பதில்லை. மறுபக்கம் வெளியே வரும்போதுதான் டப். ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு பிட்டை எடுத்து அதன் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். உடம்பில் இரண்டு முறுக்குப் பள்ளங்கள் சுற்றி ஏறும். ஒவ்வொரு பள்ளமும் நுனியை வந்து தொடும் இடத்தில் ஒரு வெட்டும் விளிம்பு. இரண்டு விளிம்பு, அவ்வளவுதான் வெட்டுகிறது. பள்ளம் முறுக்கி வருவதால் அந்த விளிம்பு நேராக நிற்காமல் முன்னால் சாய்ந்து, கொக்கி போல இருக்கும். இரும்பில் இந்தக் கொக்கிதான் வேலை செய்கிறது. தோலை உரிப்பது போல உலோகத்தைச் சுருள் சுருளாகக் கிளப்புகிறது. இரும்பு வலுவாகப் பிடித்துக்கொள்வதால், நீங்கள் அழுத்தும் அளவுக்குத்தான் பிட் இறங்கும்.

பெர்ஸ்பெக்ஸ் அப்படிப் பிடித்துக்கொள்ளாது. கொக்கி ஒருமுறை மாட்டினால், நீங்கள் அழுத்தாமலேயே பிட் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மரத் திருகு பலகைக்குள் இறங்குகிற அதே வேலை. அடியில் இன்னும் 2, 3 மி.மீ. கனம் இருக்கும் வரை அந்தக் கனம் தாங்கும். நுனி அடிப்பக்கத்தை எட்டியதும் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஏடு. பால் ஆடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் அந்த ஏட்டில் மாட்டும். வெட்டுவதற்குப் பதில் தூக்கும். தகடு பிட்டோடு மேலே ஏறப் பார்க்கும். நீளத் தெரியாத பொருள் என்ன செய்யும்? பிறை வடிவத்தில் பெயர்ந்து விடும். பெயர்ந்த இடத்திலிருந்து விரிசல் ஓரத்தைத் தேடி ஓடும்.

சாதாரண பிட்டின் நுனிக் கோணம் 118 பாகை. அதாவது கிட்டத்தட்டத் தட்டை. அதனால் வெளியே வரும்போது மெல்ல மெல்ல வராமல் ஒரே அடியாக வந்து விழுகிறது. பெர்ஸ்பெக்ஸுக்கென்றே விற்கும் பிட்டுகளைப் பார்த்தால் நுனி பென்சில் போல ஒல்லியாக, 60 முதல் 90 பாகைக்குள் இருக்கும். வெட்டும் விளிம்பில் கொக்கியும் இருக்காது. முதலில் ஊசி முனை அளவுக்கு வெளியே வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். அந்த பிட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியை விட்டுவிடலாம். எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பதில்லை.

கிடைக்காதவர்களுக்கு ஒரு சாணைக்கல் போதும். நாங்கள் பையனின் புது பிட்டைத்தான் எடுத்தோம். சின்னச் சாணைக்கல்லை முறுக்குப் பள்ளத்துக்குள், வெட்டும் விளிம்பின் முகத்தில், பிட்டின் நீளவாக்கிலேயே ஒட்டிப் பிடித்து நாலைந்து தடவை தேய்க்க வேண்டும். நுனியைத் தேய்க்கக் கூடாது, விளிம்பின் முன்முகத்தைத்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பை ஒட்டி அரை மி.மீ. அகலத்துக்கு ஒரு பளபளப்பான பட்டை தெரியும். அந்தப் பட்டை நேராக நிற்கிறது, முன்னால் சாயவில்லை. கொக்கி போய்விட்டது. அடுத்த விளிம்பிலும் அதே அளவு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருந்தால் ஓட்டை கோணலாகும்.

இப்போது அந்த பிட் கொத்தாது, சுரண்டும். தேங்காய் துருவுகிற மாதிரி. தானாக உள்ளே இழுத்துக்கொள்ளாது, நீங்கள் அழுத்தினால்தான் இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான். இரும்பில் போட்டால் இனி அது நத்தை வேகம். அதனால் தண்டில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துக் கதவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, பிட் மொட்டையாகிவிட்டது என்று குப்பையில் போடும் ஆபத்து இருக்கிறது. எனக்கு அது நடந்தது.

இன்னொரு வழி ஸ்டெப் டிரில். படி படியாக மேலே போகப் போக அகலும், கவிழ்த்த கூம்பு மாதிரி இருப்பது. அதன் வெட்டும் பள்ளம் பெரும்பாலும் முறுக்காமல் நேராக ஓடும், அதனால் கொக்கி கிடையாது. ஒவ்வொரு படியும் ஓட்டையைக் கொஞ்சமாக மட்டும் அகலப்படுத்தும். மெல்லிய தகட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். படியின் உயரத்தைவிடத் தகடு கனமாக இருந்தால் பாதி வரை ஒரு பக்கம், மீதியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம்.

சூடு

கொக்கியை எடுத்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மீதி பாதி சூடு. சுரண்டுகிற பிட் வெட்டுகிற பிட்டைவிடக் கூடுதலாகவே சூடாகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அலுமினியத்தில் உரசல் சூடு பிறந்த அடுத்த நொடி தகடு முழுக்கப் பரவிவிடும். பெர்ஸ்பெக்ஸ் சூட்டைக் கடத்தும் திறன் அலுமினியத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். எனவே சூடு போக இடமில்லாமல் ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சுமார் 105 பாகை செல்சியஸில், அதாவது கொதிநீரைவிடக் கொஞ்சம் மேலே, பெர்ஸ்பெக்ஸ் இளக ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் வெளியே வர வேண்டிய துகள் முறுக்குப் பள்ளத்தில் சூயிங் கம் போல ஒட்டும். பிட் ஒரு கணம் இறுகி நிற்கும், தகடு கையோடு திருகும், டப்.

துகளைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ளலாம். வெள்ளையாக, காய்ந்த சுருள் இரண்டு பள்ளத்திலிருந்தும் சீராக வந்தால் வேகமும் அழுத்தமும் சரி. மாவு மாவாக வந்தால் அழுத்தம் போதவில்லை, வீணாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உருண்டை உருண்டையாகப் பிசின் மாதிரி வந்தாலோ, ஒரு காரமான இனிப்பு வாசனை மூக்கைத் தொட்டாலோ உடனே நிறுத்துங்கள். ஓட்டையின் உட்சுவரும் பேசும். மங்கலான பனிவெள்ளை இயல்பானது. நெளிநெளியாகப் பளபளத்தால் உருகி ஆறியிருக்கிறது என்று அர்த்தம்.

வேகத்துக்கு ஓர் உத்தேசக் கணக்கு: 6 மி.மீ. வரை நிமிடத்துக்கு 1500 சுற்று அளவு, 10 மி.மீட்டருக்கு ஆயிரத்துக்குக் கீழே, அதற்கும் பெரிதானால் 400, 500. பேட்டரி டிரில்லில் இரண்டு கியர் இருக்கும். பெரிய ஓட்டைக்கு ஒன்றாம் கியர் என்று நினைவில் வைத்தால் போதும். 2 மி.மீ. இறக்கு, தூக்கு, துகளைத் தட்டு, மறுபடி இறக்கு. ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, ஓட்டை வாயில் அவ்வப்போது ஒரு சொட்டு விட்டுக்கொண்டே இருந்தால் பிட்டும் குளிரும், துகளும் வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர் வைத்துச் செய்யும்போது சுவர் மின்சாரத்தில் ஓடும் டிரில் வேண்டாம், பேட்டரி டிரில் மட்டும். பையன் தம்பியின் களிமண்ணை எடுத்து வந்து ஓட்டையைச் சுற்றி அகல் விளக்கு மாதிரி வரப்பு கட்டினான். எனக்குத் தோன்றாத யோசனை.

சூட்டை வைத்தே ஓட்டை போடலாமே என்று சிலர் சால்டரிங் அயர்னைக் குத்துவார்கள், ஆணியைக் காய்ச்சிக் குத்துவார்கள். பிட்டைப் பின்னோக்கிச் சுழல விட்டு உருக்கி இறக்குபவர்களும் உண்டு. அந்த நேரத்துக்கு விரியாது, உண்மை. ஆனால் உருகிய பகுதி ஆறும்போது சுருங்கப் பார்க்கும், சுற்றியிருக்கும் ஆறிய பகுதி விடாது. ஓட்டையைச் சுற்றி நிரந்தரமாக ஓர் இழுபறி தங்கிவிடும். சில நாள் கழித்து யாரும் தொடாமலேயே விரியும். புகையும் நல்லதில்லை.

இங்கேயே தகட்டின் இரண்டு வகையையும் சொல்லிவிடுகிறேன். காஸ்ட் வகை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றி, அல்வா தட்டில் இறுகுவது போல இறுக விட்டது. எக்ஸ்ட்ரூடட் வகை இடியாப்ப உரலில் பிழிவது போல அச்சு வழியாகத் தள்ளி உருளையில் இழுத்தது. பிழிந்ததில் இழுபறி உள்ளேயே கொஞ்சம் உறைந்திருக்கும், சூட்டில் சீக்கிரம் இளகும், பிட்டில் ஒட்டும். ஓட்டை போடவும் அறுக்கவும் காஸ்ட்தான் நல்லது. கடையில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் கிடப்பது எது என்று தெரியாவிட்டால் ஓரத் துண்டில் ஓர் ஓட்டை போட்டுப் பாருங்கள். உதிரியான சுருள் வந்தால் காஸ்ட், நூல் நூலாக ஒட்டினால் பெரும்பாலும் மற்றது. சைன்போர்டு கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவார்கள். பழகிப் பார்க்க அதுதான் ஏற்றது.

பால்கனியில் நாங்கள் செய்தது

தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் ஏட்டையோ காகிதத்தையோ உரிக்கவில்லை. பையன் ஏற்கெனவே உரித்துவிட்ட பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறித்தோம். இரும்பில் செய்வது போல குறியில் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டவே கூடாது. அந்த ஒரு தட்டிலேயே நட்சத்திர விரிசல் பிறந்துவிடும், ஓட்டை போடும்போது அது வளரும். டேப் இருப்பதால் பிட் வழுக்காது. வேண்டுமானால் பிட்டைக் கையில் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு குழி எடுத்துக்கொள்ளலாம்.

ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி? ஓட்டையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். முதல் ஓட்டையை அவன் 6 மி.மீ. பிட்டால், ஓரத்திலிருந்து 5 மி.மீ. தூரத்தில் மையம் வைத்துப் போட்டிருந்தான். ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே மிஞ்சியது 2 மி.மீ. நான் சாணைக்கல்லை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அடுத்தது அடிப்பலகை. இதுதான் எல்லாவற்றிலும் மலிவானது, எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். தகட்டுக்கு அடியில் ஒரு பழைய பிளைவுட் துண்டை வைத்து, மேலே இன்னொரு சின்னத் துண்டை வைத்து, இரண்டு ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கினோம். முன்னால் சொன்ன அந்த மெல்லிய ஏடு இப்போது காற்றில் தொங்கவில்லை, பலகையின் மேல் படுத்திருக்கிறது. பிட் அதைக் கீழே தள்ளவும் முடியாது, மேலே தூக்கவும் முடியாது. அடிப்பலகை தகட்டோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு பழைய துகள் மாட்டினால்கூட அங்கே இடைவெளி வந்துவிடும். பலகையை ஊதித் துடைத்துவிட்டு வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். சலித்துக்கொண்டான். அவனுக்கு ஒரு கதை சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லு ஏறிவிட்டது. ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர், அந்தச் சில்லைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார். 1949இல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் பொருத்தினார். கண்புரை அறுவையில் உள்ளே வைக்கும் லென்ஸின் ஆரம்பம் அது. "அப்போ கண்ணுல போனாலும் பரவாயில்லயா அங்கிள்?" என்றான். கதை சொன்னது என் தப்பு. கண்ணாடியைப் போட்ட பிறகுதான் டிரில்லைக் கையில் கொடுத்தேன்.

சிவப்புப் பொட்டு பிட். முதல் 3 மி.மீ. சத்தமில்லாமல் போனது. கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, "இப்போ டிரில்லோட வெயிட்டே போதும், நீ அழுத்தாத" என்றேன். பலகையில் இறங்கியதும் வெள்ளைச் சுருளோடு மரத்தூள் கலந்து வந்தது. அதுதான் தாண்டிவிட்டதற்கு அடையாளம். கிளாம்பைக் கழற்றித் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். விளிம்பில் ஒரு சில்லுகூட இல்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது.

பெரிய ஓட்டை 25 மி.மீ. அதற்கு ஹோல் சா, விளிம்பில் பல் வைத்த கிண்ணம் மாதிரி ஒரு ரம்பம். நெருக்கமான சின்னப் பற்கள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நடுவில் வழிகாட்டும் பிட் ஒன்று இருக்கும், அதையும் சாணைக்கல்லில் மழுக்க வேண்டும். பலர் பற்களைப் பார்த்துப் பயப்படுவார்கள், உண்மையில் விரிய வைப்பது நடு பிட்தான். ஒன்றாம் கியரில், பாதிக் கனம் வரை அறுத்துவிட்டுத் தகட்டைத் திருப்பிப் போட்டு, நடு ஓட்டையில் பிட்டை நுழைத்து மறுபக்கத்திலிருந்து மீதியை அறுத்தோம். இரண்டு பக்கமும் ஓரம் சுத்தமாக வந்தது. இரண்டு வெட்டும் சந்திக்கும் நடுவில் ஒரு மெல்லிய வரப்பு நின்றது. 240ஆம் நம்பர் சாண்ட் பேப்பரை விரலில் சுற்றித் தேய்த்ததில் போய்விட்டது.

அந்தத் தேய்ப்பு அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு தகட்டை இழுக்கும்போது, அதில் வட்டமான ஓட்டை இருந்தால் ஓட்டையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகிறது. கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் 1898இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது. அந்த விளிம்பிலேயே ஒரு கூரான கீறலும் இருந்தால் மூன்றின் மேல் இன்னும் பல மடங்கு ஏறும். ஆகவே ஓட்டையின் வாயை இரண்டு பக்கமும் லேசாகச் சாய்த்துவிடுங்கள், உள்ளே தொட்டுப் பார்த்தால் நகம் எதிலும் மாட்டக் கூடாது. சதுர ஓட்டை வேண்டும் என்றால் இதே காரணத்துக்காக நாலு மூலையிலும் முதலில் வட்ட ஓட்டை போட்டு, அப்புறம் அவற்றை அறுத்து இணைக்க வேண்டும். கூர்மூலை உள்ள பெர்ஸ்பெக்ஸ் என்றாவது ஒரு நாள் அந்த மூலையில்தான் பிளக்கும்.

ஒரு மாதம் கழித்து வரும் விரிசல்

இதெல்லாம் அன்றைக்கே வரும் விரிசலுக்கு. ஓட்டை அருமையாக விழுந்து, எல்லாம் பொருத்திப் பாராட்டும் வாங்கிய பிறகு வருவது இன்னொரு வகை. கார் நிறுத்தும் இடத்தில் வரிசையாக அக்ரிலிக் நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். விரிந்தவை பெரும்பாலும் திருகு ஓட்டையிலிருந்துதான் விரிந்திருக்கும்.

நான் இதைத் தைப்பூசத்தில் கற்றேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நண்பர்கள் சேர்ந்து போடும் தண்ணீர்ப் பந்தல். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தூசி விழாமல் ஒரு தடுப்பு வேண்டும் என்றார்கள். கோவிட் காலத்தில் ஒரு கடையின் கல்லாவுக்கு முன்னால் நின்ற பெர்ஸ்பெக்ஸ் தகடு, 1.2 மீட்டர் நீளம், 5 மி.மீ. கனம், சும்மா கிடைத்தது. அலுமினியச் சட்டத்தில் பொருத்த எட்டு ஓட்டை போட்டேன். எட்டும் சுத்தம். 5 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. ஓட்டை, தலை உள்ளே அமுங்கி உட்காரும் திருகு, நன்றாக முறுக்கி இறுக்கினேன். ஆடக் கூடாதல்லவா?

ரதம் போன மறுநாள் மத்தியானம் பார்த்தால் இரண்டு முனை ஓட்டைகளிலிருந்தும் கோடு ஓடியிருக்கிறது.

கணக்கைப் பிறகு உட்கார்ந்து போட்டேன். ஒரு மீட்டர் பெர்ஸ்பெக்ஸ் 10 பாகை சூடு ஏறினால் சுமார் 0.7 மி.மீ. நீள்கிறது, அலுமினியம் 0.23 மி.மீ.தான். காலை மழைக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே தகடு 30 பாகை ஏறினால் 1.2 மீட்டருக்கு 2.5 மி.மீ. நீளும். சட்டம் நீள்வது 0.8. மிச்சமுள்ள 1.7 மி.மீ. எங்கே போகும்? இறுக்கிப் பிடித்த திருகின் மேல்தான் மோதும். போதாக்குறைக்கு அந்தத் திருகுத் தலை கூம்பு வடிவம். ஓட்டைக்குள் ஆப்பு அடித்தது மாதிரி, இறுக்க இறுக்க ஓட்டையை விரித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் மேலே ஒன்று: சுத்தமாக இருக்கட்டும் என்று பந்தலில் ஆளாளுக்குச் சானிடைசர் அடித்துத் துடைத்திருக்கிறார்கள். இழுபறியில் இருக்கும் பெர்ஸ்பெக்ஸில் ஆல்கஹால் பட்டால் ஓட்டையைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல மயிரிழைக் கோடுகள் பூக்கும். தகட்டைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். கல்லாவில் நின்ற காலத்திலேயே அந்தத் தகடு குடித்த சானிடைசர் கொஞ்சமா?

அடுத்த வருடம் வேறு தகடு. ஓட்டை 7 மி.மீ., நடுவில் ஒன்றை மட்டும் திருகின் அளவுக்கே போட்டேன், அதுதான் நங்கூரம், மற்றவை அதிலிருந்து இரண்டு பக்கமும் நகரலாம். தட்டைத் தலைத் திருகு, இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர். கையால் இறுக்கி, கால் சுற்றுப் பின்னால் தளர்த்தினேன். துடைக்கச் சோப்புத் தண்ணீரும் பனியன் துணியும். தின்னர், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மூன்று நாளும் நின்றது.

லேசரில் வெட்டித் தரும் கடையில் கொடுத்துவிடலாமே என்றால், தாராளமாக. பத்து இருபது ஓட்டை, ஒரே அளவு, படம் வரைந்து கொடுக்கத் தெரியும் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். ஓரம் மெருகு போட்டது போல வரும். ஆனால் லேசரும் சூட்டில்தான் வெட்டுகிறது, ஓரத்தில் இழுபறி தங்கும். லேசர் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் அங்கேயும் மயிரிழைக் கோடு வரும். தொழிற்சாலைகளில் வெட்டிய தகட்டை 80 பாகை அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டு அந்த இழுபறியை எடுப்பார்கள். வீட்டு ஓவனில் முயல வேண்டாம், அதன் சூடு ஓரிடத்தில் ஒரு மாதிரி இருக்கும், தகடு அப்பளமாக நெளிந்துவிடும்.

பையனின் மூடி இப்போது தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. விரிந்த மூலையை வளைவாக அறுத்து எடுத்துவிட்டோம், மீனுக்கு இரை போட அதுவே வழியாகிவிட்டது. அடிப்பக்கம் ஈரம் குடித்துக் கொஞ்ச நாளில் மூடி வளையும், அப்போது திருப்பிப் போடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஹோல் சாவிலிருந்து விழுந்த வட்டத் துண்டை அவன் சாவி வளையத்தில் மாட்டியிருக்கிறான். நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருந்தது.